மச்சான் வீட்டு நீல வெளிச்சம்

பிள்ளைகளே, போர் ஓய்ந்து எங்கள் ஊர் நாவற்குடாவில் வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கிய காலம். பக்கத்து வீட்டில் இருக்கும் என் மனைவியின் அண்ணன், கட்டாரிலிருந்து வந்ததும் கேம் விளையாடும் கம்ப்யூட்டர் ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினார். அதன் பெட்டிக்குள் நீல வெளிச்சம் எரியும். பள்ளி விட்டால் என் மகள் அங்கேதான்.

"மாமாட கம்ப்யூட்டர்ல கார் பறக்குது அப்பா. நம்மடது இருமுது."

அவள் 'மாமா' என்னும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கையில் இருந்த கொஞ்சக் காசோடு டவுன் கடைக்குப் போய், மச்சானுடையதை விடப் பெரிய கிராபிக்ஸ் கார்ட்டைக் கேட்டேன்.

"அண்ணன், உங்கட பழைய பவர் சப்ளை இதத் தாங்காது. சின்னக் கார்ட் எடுங்க, மிச்சத்துக்கு நல்ல பவர் சப்ளை போடுவம்," என்றார் கடைக்காரர்.

"சைக்கிள் டைனமோவ மிதிச்சு ரேடியோ கேட்டவன் நான். எனக்கே கரண்ட் படிப்பிக்கிறீங்களா?" என்று சிரித்துவிட்டுப் பெரிய கார்ட்டோடு வந்தேன்.

கார்ட்டை நானே பூட்டி, மச்சான் பார்க்கவேண்டுமென்றே அவரை அழைத்து சுவிட்சைப் போட்டேன். கார் பறந்தது. மகள் கைதட்டினாள். உடனே 'டப்' என்ற சத்தம், பெட்டியிலிருந்து புகை. அதைத் தொடப்போன மகளை மச்சான் பாய்ந்து இழுத்து, சுவிட்சை நிறுத்தினார்.

"காரோட வீட்டையும் பறக்க விடப் பாத்தீங்களே மச்சான்!" என்றார் அவர்.

இப்போதெல்லாம் எதைப் பூட்டினாலும் பவர் சப்ளையைத்தான் முதலில் கேட்கிறேன். அந்த நீல வெளிச்சத்தைக் கண்டால் வயிறு இன்னும் எரிகிறது. எரியும் நாளில் மட்டும் நான் கடைக்குப் போவதில்லை.