நான் அடைத்த சன்னல்

வெறுங்காலோடு மலாக்காவுக்கு வந்து, முப்பது வயதில் ரப்பர் தோட்டக் கூலிகளை மேய்க்கும் கங்காணி ஆனவன் நான். பேய்க்கும் பயந்ததில்லை. அந்த வருடம் எங்கள் லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், முனியாண்டி காய்ச்சலில் விழுந்து, கழுத்து பின்னால் வளைந்து, உடம்பெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளிகளோடு செத்தான். பேய் அடித்த தடம் என்றார்கள்.

"எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க லா. எது வருதுன்னு நான் பாக்குறேன்!" என்றேன். பதினாறு பேரைச் சேர்த்து, சன்னலை அடைத்து, சாம்பிராணி போட்டேன்.

நான்காம் நாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஐந்து பேர் இல்லை; காய்ச்சலில் கிடந்தார்கள். ஐவரும் என் வீட்டில் தூங்கியவர்கள். என் வீட்டுக்கு வர மறுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. என் மனைவியின் கழுத்தும் வளைந்திருந்தது.

ஆஸ்பத்திரி டிரஸர் திட்டினார். "பேய் இல்ல கங்காணி, மூச்சுல ஒட்டுற சீக்கு. நீங்களே கூட்டிவச்சுப் பரப்பிட்டீங்க."

மனைவி பிழைத்தாள், காது போய்விட்டது. இப்போது மழையிலும் எங்கள் சன்னல் திறந்தே கிடக்கும். "நனையுது, மூடுங்க" என்பாள். ஏன் மூடுவதில்லை என்று நான் சொல்வது அவளுக்குக் கேட்காது.