ஒசாகாவில் ஒரு நாள்: வசந்தியும் வட்டப்பாதை ரயிலும்

2007 ஏப்ரலில் எங்களுக்குத் திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகள் நிறைந்தன. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்களைத் தெரிந்தவர்கள் இப்படியான நாளுக்குப் பாரிஸ் போவார்கள், அல்லது சொந்தக்காரரைப் பார்க்க டொரொண்டோ போவார்கள். நாங்கள் யப்பான் போனதற்கு என் மனைவி வசந்திதான் காரணம். குரொய்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்யும் அவள், இரண்டு வருடமாக மாலை வகுப்பில் யப்பானிய மொழி படித்து வந்தாள். ஏன் என்று கேட்டால், அந்த எழுத்துகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்பாள். வீட்டுக்கு வரும் என் நண்பர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பிள்ளைகள் இருவரையும் சட்டனில் இருக்கும் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு ஒரு வாரப் பயணமாகப் புறப்பட்டோம். அதில் ஒசாகாவுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு நாள். அப்போது ஒரு பவுணுக்கு ஏறத்தாழ 230 யென் கிடைத்தது.

காலை 9.32க்கு ஒசாகா நிலையத்தில் வட்டப்பாதை ரயில் எடுத்தோம். நகரத்தைச் சுற்றி வரும் செம்மஞ்சள் நிற ரயில் அது. ஒசாகாக் கோட்டைப் பூங்காவுக்குப் பத்து நிமிடம், கட்டணம் 160 யென். வழியில் ஆற்றங்கரை முழுவதும் செர்ரி மரங்கள் பூத்திருந்தன. படம் எடுப்பதற்காகத் தோளில் கிடந்த நீலப் பையைக் கழற்றி மேல்தட்டில் வைத்தேன். இறங்கும்போது கையில் கமரா மட்டும்தான் இருந்தது.

நிலையத்துக்கு வெளியே வந்து வசந்தி தண்ணீர்ப் போத்தலைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

"பாக்கை எங்கை வைச்சனீங்கள்?"

நான் வெறும் தோளைத் தடவிப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் அவளுக்கும் விளங்கிவிட்டது.

நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறவன். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் மற்றவர்கள் விட்டுவிட்டுப் போன குடைகளையும் பைகளையும் எடுத்துக் கொடுப்பவன். அந்த நீலப் பையில் எங்கள் இருவரின் கடவுச்சீட்டுகளும் திரும்பி வரும் விமான டிக்கெட்டுகளும் இருந்தன. யப்பானில் வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அகதியாக வந்து பதினொரு வருடம் கடவுச்சீட்டு இல்லாமல் இருந்தவனுக்கு அந்தச் சின்னப் புத்தகம் என்னவென்று இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். அங்கே கிடந்த வாங்கில் இருந்துவிட்டேன்.

வசந்தி நேரே நிலைய அலுவலகத்துக்குப் போனாள். வெள்ளைக் கையுறை போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அங்கே இருந்தார். அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. வசந்தி ஒரு முறை மேலே பார்த்துச் சொல்லைத் தேடினாள். பிறகு பேசத் தொடங்கினாள். அவர் படபடவென்று ஏதோ கேட்டார். அவள் விரலை உயர்த்தி, "யுக்குரி" என்றாள். மெதுவாகச் சொல்லுங்கள் என்று அர்த்தமாம். அவரும் மெதுவாகத் திரும்பச் சொன்னார்.

நான் எழுந்து போய், "என்னவாம்?" என்றேன்.

"பொறுங்கோ. எந்தப் பெட்டி எண்டு கேக்கிறார். நாங்கள் இறங்கேக்கை முன்னுக்கு நிண்டமா, பின்னுக்கோ?"

"பின்னுக்கு. கடைசிக்கு முதல் பெட்டி."

"எட்டுப் பெட்டி. அப்ப ஏழாவது." அதையும் அவரிடம் சொன்னாள். பையின் நிறம், அளவு, உள்ளே இருப்பவை, நாங்கள் ஏறிய நேரம் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். 10.25க்கு அவர் எங்களைக் கூப்பிட்டார். வசந்தி கேட்டுவிட்டு, குனிந்து இரண்டு தரம் நன்றி சொல்லி வெளியே வந்தாள்.

"தென்னோஜி ஸ்டேஷனிலை எடுத்து வைச்சிருக்கினமாம்."

சொல்லிவிட்டு வாங்கில் இருந்தாள்.

"அந்தாள் கதைச்சதிலை அரைவாசிதான் விளங்கினது," என்றாள்.

"அரைவாசி காணும் வசந்தி." பக்கத்தில் இருந்துகொண்டு, "அவங்கள் உம்மடை வகுப்பைப் பகிடி பண்ணேக்கை நானும் சிரிச்சனான்," என்றேன்.

"தெரியும். குசினிக்கை நிண்டு கேட்டனான்."

பிறகு என்னிடம் கையை நீட்டினாள், எழும்பிப் போவதற்கு.

தென்னோஜி அதே வட்டப்பாதையில் ஆறாவது நிலையம். பையை எங்கள் முன்னால் திறந்து, ஒவ்வொரு பொருளாகக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். தண்ணீர்ப் போத்தல்கூட இருந்தது. "யப்பானிய மொழி நல்லாப் பேசுகிறீர்கள்" என்று அங்கிருந்த பெண் சொன்னதை வசந்தி எனக்கு மொழிபெயர்க்கவில்லை. மூன்று தரம் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

அங்கிருந்து இருபது நிமிடம் நடந்தால் ஷின்செகாய். மலிவான சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த பழைய வீதிகள். மாட்டிறைச்சியையும் மரக்கறியையும் குச்சியில் குத்திப் பொரித்துத் தரும் குஷிகாட்சு இங்கே பிரபலம், ஒரு குச்சி 100 யென். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. தாமரைக் கிழங்கும் வெங்காயமும் கேட்போம் என்று நான் சொல்ல, வசந்தி முதலில் எண்ணெயைப் பற்றி விசாரித்தாள். மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறோம் என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். அதோடு விடாமல் வெளியே வந்து, எதிர்ப்பக்கத்துத் தக்கோயாக்கிக் கடைக்காரரைக் கூப்பிட்டு எங்களை ஒப்படைத்தார். பணியாரச் சட்டி போன்ற இரும்புக் குழிகளில் மாவை ஊற்றி, நடுவே எட்டுக்கால் கணவாய்த் துண்டு வைத்து உருட்டி எடுக்கிறார்கள். எட்டு உருண்டை 400 யென். உள்ளே கொதிக்கும். நான் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அன்றைக்கு இரண்டாவது பிழை.

பின்னேரம் மூன்று மணிக்குக் கோட்டைக்குத் திரும்பினோம். கோபுரத்துக்கு நுழைவு 600 யென். உள்ளே லிஃப்ட் உண்டு. உச்சியில் நின்றபோது கீழே பூங்கா முழுக்க இளஞ்சிவப்பு. அங்கே எடுத்த படத்தில் வசந்தி மட்டும் இருக்கிறாள், நானே எடுத்தேன். எங்கள் வீட்டு முன்னறையில் பெரிதாக மாட்டியிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏறும் பெட்டியின் இலக்கத்தைக் கவனியுங்கள், கடவுச்சீட்டை உடம்போடு வைத்திருங்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் எண்ணெயையும் கேளுங்கள். பூக்காலம் ஏப்ரல் முதல் வாரம், விடுதியை முன்கூட்டியே பதியுங்கள்.

இன்னொன்று நண்பர்களுக்கு. செப்டெம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் என் ஷிப்டை மாற்றிக்கொண்டேன், அன்று சமையல் என்னுடையது. ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் தொலைபேசி எடுத்தால் என்னோடுதான் கதைக்க வேண்டும். வசந்தி மூன்றாம் ஆண்டு வகுப்பில் இருப்பாள்.