பென்ஷனில் வாங்கிய மாலை

உழவர்கரையில் எங்கள் பக்கம் எந்தச் சாவு வீட்டிலும் முதல் ரோஜா மாலை எங்கள் தொகுதியின் முன்னாள் எம்எல்ஏவுடையதாகத்தான் இருக்கும். மொடமொடப்பான வெள்ளைச் சட்டையும், தெருமுனையிலேயே கூப்பிவிட்ட கைகளுமாக வருவார். என் அப்பா இறந்தபோதும் அப்படித்தான் வந்தார்.

சில நாள் கழித்து அவரைப் பூக்கடையில் பார்த்தேன். மாலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

“பதவியில இருந்தப்ப சம்பளம் வீட்டுக்கு, தொகுதிப் படி மாலைக்கும் மொய்க்கும்னு ஓடிச்சு தம்பி. தோத்ததும் படியெல்லாம் நின்னுபோச்சு. இப்ப பென்ஷன்லதான் வாங்குறேன். வீட்ல திட்டுறாங்க.”

“அப்புறம் எதுக்குங்க ஐயா வாங்குறீங்க?”

“கல்யாணத்துக்கு இப்ப யாரும் பத்திரிகை வைக்கிறதில்ல. சாவுக்குத்தான் அழைப்பு வேணாமே. போனா நாலு பேரப் பாக்கலாம்” என்றார், மாலையில் வாடிய ஓர் இதழைக் கிள்ளியபடி.

மறு வருஷம் என் தங்கை கல்யாணத்துக்கு, வெற்றிலை பாக்கோடு அவருக்குப் பத்திரிகை வைத்தேன். முகூர்த்தத்துக்கு வெகு முன்பே வந்துவிட்டார். முன்வரிசையில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. கடைசிப் பந்தி வரைக்கும் மண்டப வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சேதராப்பட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் யாரென்றே தெரியாது. அவர்களையும் ஒருவர் விடாமல் கும்பிட்டார்.