முப்பத்தேழு முணுமுணுப்பு

பார்ஸர் ஜெனரேட்டரோடு குப்பை கொட்டுகிறவளைக் கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்காரவிடாதீர்கள், "என்னம்மா வேலை பார்க்கறே?" என்று கேட்ட பாவத்துக்கு, அவள் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் உங்கள் இலையைத் தாண்டிப் போய்விடும்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கு இலக்கணம் எழுதிக் கொடுத்தால், அந்த மொழியைப் படிக்கத் தெரிந்த புரோகிராம் ஒன்றை அதுவே எழுதித் தரும். அதுதான் பார்ஸர் ஜெனரேட்டர். நாம் எழுதிய இலக்கணத்தில் ஒரு வாக்கியத்தை இரண்டு விதமாகப் படிக்க இடமிருந்தால், தானாக ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை இடத்தில் குழப்பம்" என்று மட்டும் முணுமுணுக்கும். எங்கள் அப்பா "காபி ஒரு மாதிரி இருக்கு" என்பார். சர்க்கரை போதவில்லையா, டிகாஷன் போதவில்லையா என்று கடைசி வரை சொல்லமாட்டார். அந்த ரகம். உங்கள் வீட்டிலோ ஆபீசிலோ இப்படி முணுமுணுக்கிற ஜீவன் ஒன்று இருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான். வாருங்கள், சேர்ந்து புலம்புவோம்.

பட்டுக்கு வைத்திருந்த மாடி

தொண்ணூறுகளின் பிற்பாதி. தி.நகரில் எங்கள் அண்ணாச்சிக்கு ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, துணியில் நல்ல பேர் எடுத்தவர். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டருக்கெல்லாம் பைத்தியம் பிடிக்கும், பழைய புரோகிராம்களில் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதித் தொலைத்திருக்கிறார்கள், அந்த இடங்களைத் தேடிக் கொடுக்கிறவனுக்கு வெள்ளைக்காரன் அள்ளிக் கொடுப்பான் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். கடையின் இரண்டாவது மாடியைக் காலி செய்து, ஏசி போட்டு, எங்கள் இரண்டு பேரை உட்காரவைத்தார். மயிலாப்பூரிலிருந்து நான். சைதாப்பேட்டையிலிருந்து டில்லிபாபு. கோபோல் என்கிற பழைய மொழியில் எழுதிய புரோகிராம்களைப் படித்து, தேதி வரும் இடத்தையெல்லாம் கண்டுபிடிப்பதற்கு ஒரு சாப்ட்வேர் செய்ய வேண்டும். அதற்குத்தான் பார்ஸர் ஜெனரேட்டர். டில்லிபாபு அதற்கு 'பெரிசு' என்று பேர் வைத்துவிட்டான்.

மார்கழியில் ஒரு அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்து எங்கள் சரக்கைச் சோதிப்பார். அவர் தலையாட்டினால் இரண்டு வருஷத்துக்கு வேலை. ஆட்டாவிட்டால் தை முகூர்த்த சீசனுக்கு மாடி கல்யாணப் பட்டு செக்‌ஷன் ஆகிவிடும். நாங்கள் கீழே பில் போடப் போக வேண்டியதுதான். பில் போடுவது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் பேங்க் பரீட்சை எழுது என்று கரைத்தபோது, அடம்பிடித்து நான் படித்தது இந்தப் பைத்தியக்கார வேலைக்குத்தான். இது எனக்கு உயிருக்கு உயிராகப் பிடித்திருந்தது. அண்ணாச்சி ஆறுதல் சொன்னார்: "பயப்படாதிய. கீழ பில்லு போடுத எடத்துல ரெண்டு சீட்டு கிடக்கு. யூனிஃபார்ம் சேலைய கடையே தந்துரும்."

வாயில் வெற்றிலை

அந்தக் கடையில் ஒரு வழக்கம். பெண்கள் கீழே புடவையைப் புரட்டிக்கொண்டிருக்கையில் கொட்டாவி விடுகிற புருஷன்மார்களை, "மேல கம்ப்யூட்டர் இருக்கு, பாருங்க" என்று காபியோடு எங்கள் மாடிக்கு அனுப்பிவிடுவார் அண்ணாச்சி. ஏசி காற்று வாங்கிக்கொண்டே எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். ஒரு நாள் வந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முப்பத்தேழு குழப்பம் என்று திரையில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். அதே வேகத்தில் அண்ணாச்சியிடம் திரும்பி, "முப்பத்தேழு தப்புன்னு அதுவே சொல்றதே சார், இதைக் காட்டவா மாடியேத்தினேள்?" என்றார். அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. வந்தவர் போனதும் அண்ணாச்சியிடமிருந்து எங்களுக்கு உத்தரவு: கஸ்டமர் கண்ணில் ஒரு எச்சரிக்கையும் படக்கூடாது.

டில்லிபாபு அசரவில்லை. இலக்கண ஃபைலின் தலைமாட்டில், சதவீதக் குறி போட்டு 'எக்ஸ்பெக்ட்' என்றும் பக்கத்தில் முப்பத்தேழு என்றும் ஒரு வரி தட்டினான். 'முப்பத்தேழு குழப்பம் இருக்கும், எனக்குத் தெரியும், நீ பேசாமல் இரு' என்று அர்த்தம். மறுபடி ஓட்டினால் திரை கழுவி விட்டதுபோல் இருந்தது. குழப்பம் ஒன்றுகூடக் குறையவில்லை. டில்லிபாபு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்: "பெரிசு வாய்ல வெத்தல போட்டாச்சு மேடம். இனிமே மென்னுக்கினே கெடக்கும், பேசாது."

குறைந்தாலும் குற்றம்

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு குழப்பத்தை நான் நிஜமாகவே தீர்த்தேன். சந்தோஷமாக ஓட்டினால், பெரிசு வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கத்துகிறது. முப்பத்தாறு! முப்பத்தேழு என்று சொல்லிவிட்டு முப்பத்தாறு வைத்தால் அதற்குப் பொறுக்காதாம். நல்லது செய்தவளைத் திட்டுகிற கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம், கூடவே இரண்டு புருஷன்மார்களின் பேச்சு. எக்ஸ்பெக்ட் வரியில் முப்பத்தேழை முப்பத்தாறாக்கினால் போதும் என்பதுகூட அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. டில்லிபாபு கீபோர்டை என் பக்கம் தள்ளிக் கிசுகிசுத்தான்: "கெளம்பிப் போன தப்ப இட்டாந்து திரும்ப குந்த வை மேடம், சீக்கிரம்!"

மைனஸ் டி இல்லாத அரை நாள்

பெரிசு எழுதித் தரும் புரோகிராம் தனியாக வேலை செய்யாது. வார்த்தைகளை ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுக்க இன்னொரு புரோகிராம் வேண்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு நம்பர் உண்டு. இரண்டு புரோகிராமும் ஒரே நம்பரைச் சொன்னால்தான் பேச்சுவார்த்தை நடக்கும். பெரிசை ஓட்டும்போது 'மைனஸ் டி' என்று சேர்த்தால், புது நம்பர்களை அடுத்தவனுக்கும் எழுதி வைக்கும். சேர்க்காவிட்டால் அவன் பழசையே பாடிக்கொண்டிருப்பான். ஒரு திங்கட்கிழமை வார்த்தை வரிசையின் தலையில் நான் புதிதாக ஒன்றை நுழைத்தேன். அன்றைக்கென்று பார்த்து டில்லிபாபு கட்டளையைப் புதிதாக அடித்து, மைனஸ் டியை விட்டுவிட்டான்.

நம்பரெல்லாம் ஒன்று தள்ளிப்போய்விட்டது. எந்த கோபோல் புரோகிராமைக் கொடுத்தாலும் முதல் வரியே தப்பு என்றது. நேற்று வரை வாயில் போட்ட அல்வா மாதிரி வழுக்கிக்கொண்டு போன புரோகிராம்! இலக்கணத்தில் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டேன், பிறகு என் படிப்பையே சந்தேகப்பட்டேன். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் விட்டுப்போன டி கண்ணில் பட்டது. டில்லிபாபு வெட்கமே இல்லாமல் விளக்கம் சொன்னான்: "தியேட்டர்ல ஒருத்தன் சீட்டு மாறி குந்திக்கினா மொத்த வரிசையும் எழுந்து சண்ட போடும் பாரு, அது மேரி ஆயிப்போச்சு மேடம்."

சும்மா நிற்கிற விதிகள்

சில விதிகள் ஒருபோதும் பயன்படவே இல்லை என்றும் பெரிசு எச்சரிக்கும். எங்கள் இலக்கணத்தில் அப்படி நாலைந்து இருந்தன. வேறு கம்பெனியின் கோபோல் வந்தால் ஆகும் என்று எழுதி வைத்தவை, இன்னும் எதோடும் இணைக்கவில்லை. எக்ஸ்பெக்ட் வரி இந்தப் புகாரை அடக்காது. எடுத்துவிடலாமா என்று அண்ணாச்சியிடமே கேட்டேன், உண்மையில் அவரைச் சீண்டிப் பார்க்கத்தான். அவர் கீழே எட்டிப் பார்த்தார், காலி கவுண்டரில் சாய்ந்திருந்த சேல்ஸ்மேன்களைக் காட்டினார்: "ஆடியில தள்ளுபடி முடிஞ்சா அவனுவ சும்மாதான் நிக்கானுவ. வெளிய அனுப்பிட்டா தீவாளிக்கு ஒங்கப்பாவா வந்து துணி கிழிப்பாரு? ஓரமா ஒதுக்கி வையி தாயி, சத்தம் மட்டும் வரப்பிடாது."

'இது வெறும் குறிப்பு, படிக்காதே' என்று பெரிசுக்குச் சொல்லும் குறியைப் போட்டு அவற்றை ஓரம்கட்டினோம்.

சத்தமே இல்லாத பரீட்சை

மார்கழி வந்தது, அமெரிக்காவிலிருந்து நாராயணன் சாரும் வந்தார். நம்மூர்க்காரர்தான். மாட வீதியில் அக்கா வீட்டில் தங்கி, சபா சபாவாகக் கச்சேரி கேட்க வந்தவர் தலையில் கம்பெனி இந்த வேலையையும் கட்டியிருந்தது. ஜிப்பா பையில் அன்று மாலைக் கச்சேரி டிக்கெட் எட்டிப் பார்த்தது. டில்லிபாபு பெரிசை ஓட்டினான். ஒரு முணுமுணுப்பு இல்லை. "பாத்தியளா சார், பொட்டுச் சத்தம் இல்ல!" என்று அண்ணாச்சி பூரித்தார். நாராயணன் சார் முகம் சுருங்கியது. "கோபோலுக்கு இலக்கணம் எழுதிட்டு ஒரு குழப்பமும் இல்லையா? நம்பறாப்பல இல்லையே" என்று ஃபைலைத் திறக்கச் சொன்னார். முதல் பக்கத்திலேயே எங்கள் வெற்றிலை மாட்டிக்கொண்டது. "பேசாதேன்னு சொல்லி வச்சிருக்கேளா! எடுங்கோ அதை." எடுத்தேன். முப்பத்தேழு என்று திரை அலறியது. அண்ணாச்சி இஞ்சி தின்றவர்போல் நின்றார்.

'மைனஸ் வி' போட்டு ஓட்டினால் ஒவ்வொரு குழப்பத்தையும் விவரமாகக் காட்டும். அதைத் திரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். முக்கால்வாசி ஒரே சங்கதிதான்: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு 'இப்படி இருந்தால்', கடைசியில் ஒரே ஒரு 'இல்லாவிட்டால்'. அது யாரைச் சேர்ந்தது? பெரிசு பக்கத்தில் இருப்பவனோடு சேர்க்கும், கோபோலுக்கும் அதுதான் சரி. நாராயணன் சார் ஒவ்வொன்றுக்கும் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அவரைச் சீக்கிரம் கிளப்ப அண்ணாச்சி போண்டா, கேசரி, மறுபடி போண்டா என்று இறக்கிப் பார்த்தார். கடைசி ஒன்றுக்கு வந்தேன். அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை!

நாராயணன் சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பாதி எழுந்துவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் அண்ணாச்சி, 'சொல்லித் தொலை, சொல்லித் தொலை' என்று கையை ஆட்டுகிறார். "இதுவும் அதே வகைதான் சார்" என்ற பொய் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் மாடி எங்களுக்கு. வாயைத் திறந்தேன், டில்லிபாபு முந்திக்கொண்டான்: "சார், இது முந்தாநேத்து வரைக்கும் இல்ல. புச்சா வந்துகீது. இன்னான்னு எங்களுக்கே தெர்ல."

போண்டா ஆறியது

அண்ணாச்சி போண்டாத் தட்டோடு தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். நாராயணன் சார் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜிப்பா கையை மடக்கிவிட்டுக்கொண்டார். மூன்று தலையும் ஒரு திரைக்குள் புகுந்தன. விஷயம் இதுதான். முந்தைய நாள் நான் ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்திருந்தேன். டில்லிபாபு ஒரு புது விதி சேர்த்திருந்தான், அது ஒரு புதுக் குழப்பத்தைக் கூட்டி வந்தது. ஒன்று போய் ஒன்று வந்ததால் கணக்கு சரியாகிவிட்டது. பெரிசுக்கு எண்ணிக்கைதான் முக்கியம், ஆள் யாரென்று பார்க்காது. சத்தம் வராததால் நாங்களும் நிம்மதியாக மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விட்டோம். அதை அப்படியே விட்டிருந்தால் நாராயணன் சார் கம்பெனியின் புரோகிராமில் தேதி வரும் வரி ஒன்றே காணாமல் போயிருக்கும்.

எதற்கு முன்னுரிமை என்று சொல்லும் ஒரு வரியை உரிய இடத்தில் சேர்த்ததும் அது ஒழிந்தது. அதற்குள் கச்சேரியில் வர்ணமும் முடிந்து, இரண்டு கீர்த்தனையும் முடிந்திருக்கும். இனி மாடிக்குப் பட்டு வந்தாச்சு என்றே நினைத்து, மனசுக்குள் நான் பில் போடத் தயாராகிவிட்டேன். டில்லிபாபுவை அறையலாம் போல இருந்தது. நாராயணன் சார் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "முப்பத்தாறும் பழசுன்னு தெரிஞ்சவாளுக்குத்தான் ஒண்ணு புதுசுன்னு தெரியும். ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடறேன். ஆட்டோ இங்கயே கிடைக்குமோ?"

யாருக்கு மாடி

பொங்கலுக்கு முன்னாலேயே வேலை எங்களுக்கு என்று தகவல் வந்துவிட்டது. நான் குதித்தேன். டில்லிபாபு மேஜையில் தாளம் போட்டு ஒரு குத்தாட்டம் ஆடினான், கீழிருந்து சேல்ஸ்மேன்கள் விசிலடித்தார்கள். அண்ணாச்சிக்கும் வாயெல்லாம் பல். இவ்வளவு பெரிய வேலைக்கு இன்னும் ஒரு கூட்டம் ஆள் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தார். அத்தனை பேரையும் எங்கே உட்காரவைப்பது? அடையாறில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்தார். ஏசி பின்னால் வரும் என்றார்.

நாங்கள் மானிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியிறங்குகிறோம், எதிரே பட்டுப்புடவைக்குக் கண்ணாடி பீரோ ஏறுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணாச்சி, ஜெயிச்சா மாடி எங்களுக்குன்னுதானே பேச்சு?" என்று நடுப்படியில் நின்று கேட்டே விட்டேன். பீரோவுக்கு வழிவிட்டு என்னைச் சுவரோரம் ஒதுக்கியபடி அவர் சொன்னார்: "தோத்தா ஒங்களுக்கு மாடி எதுக்கு? ஜெயிச்சா ஒங்களுக்கு இந்த மாடி காணாது. எப்படிப் பாத்தாலும் பட்டுக்குத்தானம்மா!"

ஆகவே சக புலம்பல்காரர்களே, இரண்டு வழி தெரிந்தால் பெரிசு குழம்பும், நாமும் குழம்புவோம், கட்டடச் சொந்தக்காரர் மட்டும் குழம்பவே மாட்டார்.