என் மாமியாரின் இரண்டாவது கல்யாணம்

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அவர் காலமானதும், மனைவிக்குப் பென்ஷன் வர வேண்டுமென்றால் மேரியில், அதாவது நகராட்சியில், பதிந்த கல்யாணச் சான்று வேண்டும் என்றார்கள். மாமியாருக்கு நடந்ததோ கோயில் கல்யாணம்.

"கட்டுன தாலியும் இப்ப இல்ல. எதக் காட்டுறது?" என்றார்.

பென்ஷன் வராவிட்டால் என் சேதராப்பட்டு கம்பெனிச் சம்பளத்தில்தான் அவருக்குச் சர்க்கரை மாத்திரை. மருமகள் கையை எதிர்பார்ப்பதைவிட மாத்திரையை நிறுத்திவிடுகிற ரோஷக்காரி அவர். எனக்குப் பயமாக இருந்தது.

சைகோன் யுத்தத்தில் மாமனாரோடு ஒரே பட்டாளத்தில் இருந்த கிழவர் ஒருவர் முத்தியால்பேட்டையில் இருந்தார். அவரிடம் போய் நின்றோம்.

"பதிஞ்சிருக்குதே தங்கச்சி! பிரெஞ்சுக்காரன் ஊர விட்டுப் போறப்ப, உங்க ரெண்டு பேரையும் மேரிக்கு நான்தான கூட்டிட்டுப் போனேன்?"

"அது ஏதோ பட்டாளத்து உத்தரவுன்னாரு அண்ணே. இடுப்புல புள்ளையோட வந்து கைநாட்டு வச்சேன். 'வுய்' சொல்லுன்னாரு, சொன்னேன்."

"'வுய்'னா சம்மதம்னு அர்த்தம். அதான் கல்யாணம்."

"எனக்குத் தெரியாம எனக்குக் கல்யாணமா?" மாமியார் கோபத்தில் ஆரம்பித்துச் சிரிப்பில் முடித்தார். மாமனார் போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

கொடி மாறிவிட்டால், பதியாத பெண்டாட்டியைப் பிரெஞ்சுக்காரன் பெண்டாட்டியாக மதிக்கமாட்டான் என்று கிழவர் அன்றே கணித்திருக்கிறார். சைக்கிளில் வீடுவீடாகப் போயிருக்கிறார். பிள்ளை பெற்ற பிறகு இன்னொரு கல்யாணமா என்று வெட்கப்பட்டவர்களிடம், "கப்பித்தேன் உத்தரவு", அதாவது கேப்டன் உத்தரவு, என்று கூசாமல் புளுகியிருக்கிறார். பெற்ற தாய் சொல்லியும் கேட்காத சொல்தாக்கள் உத்தரவு என்றதும் மனைவியோடு வரிசையில் நின்றார்களாம். அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது எனக்கு.

மறுவாரமே மேரியில் சான்று கிடைத்தது. சாட்சிக் கையெழுத்து கிழவருடையது. இனிப்போடு ஓடினோம். வாங்கி வைத்துக்கொண்டார், தொடவில்லை.

"நல்லதா முடிஞ்சிச்சே அண்ணே, சாப்பிடுங்க," என்றார் மாமியார்.

"தேங்காய்த்திட்டுல மீன் விக்கிற அம்மா ஒருத்தி இருக்கா. மொதமொதல்ல அவ புருசன்கிட்டதான் போனேன். உள்ளத உள்ளபடி சொன்னேன். சிரிச்சே அனுப்பிட்டான். அதுக்கப்புறந்தான் பொய் சொல்லணும்னு தோணிச்சு. அவன் செத்து எத்தினியோ வருசமாச்சு. அவ இன்னமும் கூடையத் தூக்கிட்டுப் போறா."