லொறிக்குக் கிடைத்த சாரதி

எங்கள் வீட்டுக்கு மூன்று ராசாக்கள் வந்தது ஒரேயொரு தை மாதத்தில்தான். மறு வருடம் அவர்கள் வராமல் போனதற்குக் காரணம் நான்.

அப்போது ஜெர்மனியில், தொங்கு ரயில் ஓடும் வுப்பர்டால் நகரில் இருந்தோம். எனக்கு ஏழு வயது. மேல்வீட்டில் ஒரு மெக்சிக்கோ அன்ரி இருந்தார். அவரும் அம்மாவும் ஒரே முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார்கள். இருவருக்கும் ஜெர்மன் அரைகுறைதான். ஆனாலும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

அந்த ஐப்பசியில் அம்மா ஒரு கிழமை வைத்தியசாலையில் இருந்தார். வயிற்றுநோ என்று எனக்குச் சொன்னார்கள். அவர் திரும்பி வந்தபின், எனக்கு வரப்போகும் தம்பியைப் பற்றிய பேச்சு வீட்டில் நின்றுவிட்டது. அலுமாரியின் கீழ் லாச்சியில் இருந்த சின்னக் கம்பளிக் காலுறைகளையும் காணவில்லை. "தம்பி எப்ப வருவான்?" என்று கேட்டால், "பிறகு பாப்பம், போய்ப் படி" என்பார் அப்பா. நான் போய்ப் படித்தேன். அம்மா வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார். சிரிக்கவில்லை.

நத்தார் முடிந்த கிழமை அன்ரி தங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னார். குழந்தை யேசுவைப் பார்க்க மூன்று ராசாக்கள் வரும் நாள் தை, அதாவது ஜனவரி, ஆறு. முதல்நாள் இரவு பிள்ளைகள் சப்பாத்தை வாசலில் வைத்தால் அதற்குள் பரிசு இருக்கும். அன்றைக்கு மாவில் வளையம்போல ஒரு பாண் சுடுவார்கள். அதற்குள் ஒரு குழந்தைப் பொம்மையை ஒளித்து வைப்பார்கள். யாருடைய துண்டில் அது வருகிறதோ, அந்தக் குழந்தை அவர் பொறுப்பு. மாசி இரண்டாம் திகதி அவர் எல்லாரையும் அழைத்துச் சாப்பாடு போட வேண்டும்.

குழந்தை யாருக்கு என்ற இடத்தை அம்மா மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "நாங்களும் செய்வம்" என்றார்.

"சைவக்காரருக்கு உதென்ன புதுக் கூத்து?" என்றார் அப்பா. "ராசாக்கள் ஒட்டகத்திலையோ வருகினம்? இஞ்சை தொங்கு ரயில்லைதான் வரவேணும். ரிக்கற் எடுக்காட்டிப் பிடிச்சுப்போடுவாங்கள்."

அம்மா சிரித்துவிட்டார். அதோடு அப்பாவின் எதிர்ப்பும் முடிந்தது. ஒட்டகங்களுக்கு வைக்கோல் வேண்டும் என்று அன்ரி சொன்னதும், கடையில் முயலுக்கு விற்கும் பொதியை அவரே வாங்கிவந்தார்.

தை ஆறாம் திகதி காலையில் என் சப்பாத்துக்குள் ஒரு சிவப்பு லொறி இருந்தது. கதவு திறந்தது, சில்லு உருண்டது. சாரதி மட்டும் இல்லை. வெறும் ஆசனத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மாலையில் அம்மாவும் அன்ரியும் எங்கள் சமையலறையில் பாண் சுட்டார்கள். ஆளுக்கொரு துண்டு வெட்டினோம். இரண்டாவது கடியில் என் பல்லில் ஏதோ தட்டியது. நாக்கால் தடவிப் பார்த்தேன்: தலை, கை, கால். புளியங்கொட்டை அளவு. லொறிக்குச் சரியான அளவு. கன்னத்துக்குள் ஒதுக்கி, பிறகு காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அம்மா தன் துண்டைச் சாப்பிடவில்லை, பிய்த்துப் பார்த்தார். இன்னொரு துண்டு வெட்டினார். அதையும் பிய்த்தார். கடைசியில் வளையம் முழுவதும் மேசையில் தூளாகக் கிடந்தது.

"விடுமப்பா. அவ வைக்க மறந்திருப்பா. பொம்மைதானே," என்றார் அப்பா.

"இல்லையப்பா, அவ வைக்கேக்கை நான் பாத்தனான்." அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்பன், உன்ரை துண்டிலை இருந்ததோ?"

"இல்லை" என்றேன்.

அன்ரி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, தான்தான் மறந்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர் மறக்கவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். மறுநாள் வேறொரு பொம்மை கொண்டுவந்து நீட்டினார். அம்மா நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்ரி போனபின் அப்பாவிடம் சொன்னார்: "கையிலை தந்தா சரியே? அது தானா எல்லோ வரவேணும்."

மாசி இரண்டாம் திகதி அன்ரியே குற்றத்தை ஏற்றுச் சமைத்து, சுடச்சுடப் பானையோடு இறங்கி வந்தார். சோள மடலில் சுற்றி அவித்த, எங்கள் கொழுக்கட்டை போன்ற பண்டம். அதிகம் தின்றவன் நான்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து, கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த லொறியை இழுத்தேன். ஆசனத்தில் இருந்த பொம்மைச் சாரதியின் கழுத்துவரை துணி சுற்றியிருந்தது. அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த மெல்லிய துண்டு. அகப்பட்டுவிட்டேன் என்று தெரிந்தது. அடிக்காகக் காத்திருந்தேன். "தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்ற அம்மாவின் குரல்தான் குசினியிலிருந்து வந்தது.

கை மூடியிருந்தால் சாரதி எப்படி லொறி ஓட்டுவான்? துணியை உருவி எறிந்தேன். மறுநாளும் சுற்றியிருந்தது. மறுநாளும் எறிந்தேன். அப்படியே சில நாள் போனது. பிறகு ஒருநாள் துணி இல்லை.

அப்பாடா, லொறி ஓட்டுவது எப்படியென்று அம்மாவுக்கு ஒருவழியாக விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.