எண்ணி வைத்த சாவி

நாலு மாடித் துணிக்கடையில் பாதுகாப்பு மேற்பார்வையாளருக்கு ‘எதுக்கும்’ என்று பட்டப்பெயர். “எதுக்கும் இருக்கட்டும்” என்று சொல்லாமல் அவருக்கு ஒரு காரியமும் ஓடாது. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் குடை வரும். சட்டைப்பையில் இரண்டு பேனா, இரண்டும் எழுதாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு பென்சில். கழுத்தில் விசில்.

மாதாமாதம் ஊழியர்களை வரிசையாக நிற்கவைத்து வகுப்பெடுப்பார்.

“கூட்டத்துக்கு மூளை கிடையாது. வந்த வழியாத்தான் திரும்பி ஓடும். நாமதான் விசிலடிச்சு பின்படிக்குத் திருப்பணும்.”

அந்தப் பின்படியின் இரும்புக் கதவைத் திருடனுக்குப் பயந்து உள்பக்கம் பூட்டி, ஒரே சாவியைத் தம் கொத்தில் கோத்துவைத்தவரும் அவரேதான். முன்ஜாக்கிரதைக்கு ஒரு முன்ஜாக்கிரதை!

அவர் மனைவிக்கு அதே கடையின் நாலாவது மாடியில் தையல் வேலை. அவளுக்கு நினைத்தால் நினைத்ததுதான். பஸ்ஸில் போகும்போதே தோன்றினால் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி நடப்பாள். வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு நீலம் அடித்துவிட்டு, போதும் என்று தூரிகையைக் கழுவி வைத்தவள்.

“யோசிக்காம நான் செஞ்ச ஒரே காரியம் உன்னைக் கட்டினதுதான்” என்பார் அவர்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டாவது மாடியில் ஏசி மெஷின் கருகிப் புகைந்தது. யாரோ “தீ!” என்று அலறினார்கள். அவ்வளவுதான், படியில் ஜனம் சரிந்து இறங்கியது. கீழ்த்தளத்தில் நின்றிருந்த ‘எதுக்கும்’ விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. கால்கள் அவரைக் கேட்காமலே முன்வாசலுக்குக் கிளம்பிவிட்டன.

தெருவில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் நிமிர்ந்து நாலாவது மாடியைப் பார்த்தார். பையைத் தடவினார். கொத்து இருந்தது, பின்கதவுச் சாவி இல்லை.

“ஐயோ, என் பொண்டாட்டி மேல இருக்கா! வழி விடுங்க!”

எதிரே வந்த கூட்டம் அவரை ஒரு படிகூட ஏறவிடவில்லை. குடையை வீசிவிட்டு, செருப்பு கழன்றதும் தெரியாமல், கட்டடத்தைச் சுற்றிப் பின்சந்துக்கு ஓடினார். பூட்டிய கதவைக் கையால் உடைத்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

கதவு விரியத் திறந்திருந்தது. இருபது முப்பது பேர் இருமிக்கொண்டே ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கடைசியில் அவள், கழுத்தில் அளவு நாடாவோடு.

“சாவி?” என்றார்.

“நான்தான் காலையில எடுத்தேன். கதவைத் திறந்தா இந்தப் படியில நல்லா காத்து வரும்ல? இங்க உக்காந்து சாப்பிடணும்னு தோணுச்சு.”

“காலையில மூணு தடவை எண்ணினேனே!”

“நீங்க எண்ணி முடிச்சப்புறம் எடுத்தேன்.”

“என்னைக் கேக்காமலா?” அந்த நேரத்திலும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

“கேட்டா குடுத்திருப்பீங்களா?”

மனிதர் சந்திலேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் அந்தப் பூட்டை அவரே கழற்றினார். மாத வகுப்பு இப்போதும் நடக்கிறது. பல் தடம் பதிந்த அந்த விசிலை எல்லோருக்கும் காட்டுவார்.

“கூட்டத்துக்கு மூளை கிடையாது. எனக்கு நல்லாத் தெரியும், முதல்ல ஓடினவன் நான்தான்.”